அப்பாவின் கணினிக்கு எந்த டிஸ்க்?

அப்பாவின் 2012 டெஸ்க்டாப் ஆன் ஆகவே ஐந்து நிமிடம் பிடித்தது. சரி, ஹார்ட் டிஸ்கை மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் அதிவேக டிஸ்க்) வாங்கத்தான் ஆசை. மூன்றாம் தலைமுறை வகையே நொடிக்கு 3,500 எம்பி வரை படிக்கும். ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி 550 எம்பி அளவோடு நின்றுவிடும், அந்த இணைப்பின் உச்சமே நொடிக்கு 6 ஜிகாபிட், அதாவது சுமார் 600 எம்பிதான்.

ஆனால் அவர் மதர்போர்டில் என்விஎம்இயைச் செருகும் எம்.2 ஸ்லாட் கிடையாது. அடாப்டர் கார்டு போட்டாலும் அந்தப் பழைய பயாஸ் (கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) அதிலிருந்து விண்டோஸைத் துவக்காது. சாட்டாவையே வாங்கினேன். பழைய டிஸ்கில் இருந்த அதே இரண்டு கேபிள்கள் அப்படியே பொருந்தின.

இப்போது இருபது நொடியில் திரை வந்துவிடுகிறது. சுழலும் தட்டில் படிக்கும் ஹெட் தேடி அலைகிற நேரம் போனதே பெரிய விடுதலை. மெயிலும் செய்தியும் பார்க்கிறவருக்கு அதற்கு மேல் வேகம் தெரியாது. பழைய டிஸ்கை அப்புறம் இன்னொரு போர்ட்டில் மாட்டினேன். அம்மாவின் படங்கள் அதில்தான் இருக்கின்றன.