நிருபராகத்தான் என்றேன்

புதிதாகச் சேரும் நிருபர்களுக்கு வகுப்பெடுக்கும்போது எதெல் பெய்னைப் பற்றிச் சொல்லாமல் விட்டதில்லை. ‘சிகாகோ டிஃபெண்டர்’ என்ற அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையின் வாஷிங்டன் நிருபர். 1954 ஜூலையில், அதிபர் ஐசனோவரின் செய்தியாளர் சந்திப்பில், மாநிலம் விட்டு மாநிலம் போகும் பயணங்களில் நிறப் பாகுபாட்டைத் தடை செய்ய அரசின் ஆதரவு எப்போது கிடைக்கும் என்று கேட்டார். எந்தத் தனிக் குழுவையும் ஆதரிப்பது அரசின் நோக்கமல்ல என்று அதிபர் சீறினார். மறுநாள் அந்தக் கோபமே செய்தியானது. அதன்பின் பெய்ன் கையை உயர்த்தினாலும் வாய்ப்புக் கிடைப்பது அரிதாகிவிட்டது.

இந்தமுறை ஒரு பெண் கேட்டாள்: “மேடம், அவர் நிருபராகக் கேட்டாரா, பாதிக்கப்பட்டவராகக் கேட்டாரா?”

“நிருபராகத்தான்” என்றேன்.

“அப்படியென்றால் கல்லறைத் தோட்டச் செய்திக்கு என்னை ஏன் தனியாக அனுப்பவில்லை?”

அவள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிச் சுவர் இருக்கிறது. செய்தியைக் கொண்டுவந்தவளே அவள்தான். அவளுடைய பாட்டி புதைக்கப்பட்டிருப்பது சுவருக்கு அந்தப் பக்கம். அதனால்தான் மூத்த நிருபர் ஒருவரையும் அவளுடன் அனுப்பினேன். ‘சொந்தக் கதையை எழுதிவிட்டாள்’ என்று, ஊர்த் தேவாலயத்தை நிர்வகிக்கும் பங்குப் பேரவை ஒரே வரியில் செய்தியை ஒதுக்கிவிடக் கூடாது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தவறு இருப்பதாக இப்போதும் தோன்றவில்லை.

ஆனால் பெய்னின் தந்தை, ரயிலின் புல்மன் படுக்கைப் பெட்டிகளில் பணியாளராக இருந்தவர். பயணப் பாகுபாட்டைப் பற்றி அவருடைய மகள் கேட்கக் கூடாது என்று யாராவது சொல்லியிருந்தால் நான் கொதித்திருப்பேன். 1956இல், பஸ்களில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பினத்தவர் நடத்திய மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்பைப் பற்றி எழுதப் போனபோது, அமெரிக்காவின் தெற்கில் புதுவகைத் தலைவர்கள் எழுகிறார்கள், அவர்கள் கழுத்தில் இருப்பது போதகரின் பட்டை என்று அவர் தொடக்கத்திலேயே கவனித்து எழுதினார். கறுப்பினத்தவரின் மெதடிஸ்ட் திருச்சபையில் வளர்ந்த கண்ணுக்கு அது எளிதாகப் பட்டிருக்கும். உள்ளேயிருந்து வந்தவர் என்பதுதான் அங்கே அவருடைய பலம்.

அந்த வாதத்தில் நிற்கவும் முடியவில்லை. 1954இல் அவரைக் குறை சொன்னவர்களில் கறுப்பினப் பத்திரிகையாளர்களும் இருந்தார்கள். தம் மக்களுக்காகவே நடத்தப்பட்ட பத்திரிகையில் அவர் எழுதினார். எங்களுடையது எல்லோரும் வாங்கும் நாளிதழ். இந்த வேறுபாடு பெரியது என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால், தம் மக்களைப் பாதிக்கும் விஷயத்தில் நடுநிலை என்பது தமக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று பெய்னே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். வகுப்பில் நான் சொன்ன பதிலை அவர் முழுதாக ஏற்றிருப்பாரா?

பெய்ன் கேள்வி கேட்டதால் மட்டும் பயணப் பாகுபாட்டுக்குத் தடை வந்துவிடவுமில்லை. ராணுவத்தில் பணியாற்றிய சேரா கீஸ் என்ற கறுப்பினப் பெண் தொடுத்த வழக்கில், 1955 நவம்பரில்தான் மாநிலங்களுக்கிடையிலான பஸ்களில் பாகுபாடு கூடாது என்ற தீர்ப்பு வந்தது. அது நடைமுறைக்கு வர மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின.

கல்லறைத் தோட்டச் செய்திக்கு வந்த குறிப்புகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. மூத்தவரின் குறிப்பில் சுவர் கட்டிய வரலாறும், பங்குத்தந்தையின் விளக்கமும், வருவாய்த் துறையின் பதிலும் உண்டு. அவை இல்லாமல் செய்தி நின்றிருக்காது. அவளுடைய குறிப்பில் தண்ணீர்க் குழாய் இருந்தது: குழாய் சுவருக்கு இந்தப் பக்கம் மட்டும்தான், அந்தப் பக்கத்தார் கல்லறையைக் கழுவ வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வருகிறார்கள். நான் அதைத்தான் முதல் பத்திக்கு ஏற்றினேன். பெயர் வரிசையில் அவளை இரண்டாவதாகப் போட்டவளும் நானே. அனுபவ வரிசை, எப்போதும் அப்படித்தான் போடுகிறோம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று தனியாகப் போய் எழுதுகிறேன் என்று அனுமதி கேட்டிருக்கிறாள். போகச் சொல்லலாம் என்று காலையில் தோன்றுகிறது. பக்கம் முடிக்கும் நேரத்தில் பங்குப் பேரவையின் அந்த ஒரு வரி நினைவுக்கு வந்துவிடுகிறது. இன்னும் பதில் சொல்லவில்லை.