படகு அறைக்கு ஏசி: ஒன்றரை டன் எங்களைப் படுத்திய பாடு

ஆலப்புழையில் நண்பரோடு சேர்ந்து நடத்தும் இரண்டு படுக்கையறைப் படகுவீட்டுக்கு ஒருவழியாக ஏசி மாட்டி முடித்தோம். இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனாலும் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. படகில் ஏசி வைக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கடையில் கேட்ட ஒரே கேள்வி, அறை எத்தனை அடி என்பதுதான். ஒன்பதுக்குப் பத்து என்றோம். "மூங்கில் பாய்ச் சுவர், குளிர் நிற்காது. ஒன்றரை டன் போடுங்கள்" என்றார் விற்பனையாளர். படகுக்கு ஒருமுறை வந்து பாருங்கள் என்று நண்பர் மன்றாடினார். அனுப்ப ஆள் இல்லை என்றார்கள். எங்களிடம் இருப்பது 5 கேவிஏ மின்திறன் கொண்ட ஜெனரேட்டர் என்று அவர் சொன்னதற்கு, "தாராளமாக இழுக்கும்" என்று பதில் வந்தது. நண்பர் விடவில்லை. அதையே விலைப்பட்டியலில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். இதை நினைவில் வையுங்கள்.

மாட்டிய அன்றே தொல்லை தொடங்கியது. தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் இல்லாத பழைய வகை ஏசி அது. சிறிய அறையைச் சில நிமிடங்களில் குளிர்வித்துவிட்டு கம்ப்ரஸர் நின்றுவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. நின்றபின் சுழலும் மின்விசிறி, உள்ளே படிந்த ஈரத்தையும் அறைக்கே திருப்பி அனுப்பும். வேம்பநாட்டுக் காயலின் புழுக்கத்தில் படுக்கை விரிப்பு நசநசத்தது. விருந்தினரான பெரியவர் ஒருவர், குளிர்கிறது, ஆனால் தூக்கம் வரவில்லை என்றார். கம்ப்ரஸர் புறப்படும்போது ஓட்டத்தில் இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். இரண்டு அறை ஏசிகளும் ஒரே நேரத்தில் புறப்பட்டால் ஜெனரேட்டர் திணறி மொத்தப் படகும் இருண்டுவிடும். இரவில் மீனவர்கள் வலை விரிப்பதால் படகுவீடுகள் அந்தி சாய்வதற்குள் கரை ஒதுங்கிவிட வேண்டும். கரையில் மின் இணைப்பு இல்லாத இடத்தில் விடியும்வரை ஜெனரேட்டரே கதி.

கடையில் முறையிட்டால், கேஸ் குறைவு என்று ஒரு மெக்கானிக்கை அனுப்பி, அதற்கும் பணம் வாங்கினார்கள்.

பிறகுதான் படகுகளிலேயே வேலை செய்து பழகிய ஒரு சேட்டன் கிடைத்தார். ஏசி பக்கமே அவர் போகவில்லை. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, சுவரும் கூரையும் சேரும் இடமெங்கும் காட்டிக்கொண்டே போனார். புகை சட்டென்று வெளியே இழுபட்ட இடங்களைச் சாக்குக்கட்டியால் குறித்தார். "இது ஏசியின் குறை இல்லை சார், சுவரின் குறை" என்றார். படகுக்காரர்கள் வழக்கமாகப் போடும் கணக்கையும் சொன்னார்: நீர்மட்டத்தை ஒட்டிய அடித்தள அறைக்குச் சதுர அடிக்கு 60 பிடியு (ஏசியின் குளிரூட்டும் திறனை அளக்கும் அலகு), நடுத்தளத்துக்கு 90, வெயில் நேரே விழும் மேல்தளத்துக்கு 120. எங்கள் அறை 90 சதுர அடி. மேல்தளக் கணக்கிலேயே 10,800தான் வருகிறது. ஒரு டன் என்பது 12,000 பிடியு. நாங்கள் இரவில் மட்டுமே ஏசி போடுவதால் வெயிலும் கிடையாது.

இடுக்குகளை மரச்சட்டமும் சிலிகானும் வைத்து அடைத்தோம். ஏசி குழாய்க்குச் சுற்றும் அதே கறுப்பு நைட்ரைல் ரப்பர் தகட்டைக் கூரையின் உட்புறத்தில் ஒட்டி, அதன்மேல் பிளைவுட் அடித்தோம். அந்த எழுத்துப்பூர்வமான விலைப்பட்டியலை மேசையில் வைத்ததும் கடைக்காரரின் குரல் மாறியது. கொஞ்சம் பணம் பிடித்துக்கொண்டு, இரண்டுக்கும் பதிலாக அறைக்கு ஒன்றாக ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி கொடுத்தார்கள். அது மெதுவாகப் புறப்பட்டு, நிற்காமல் குறைந்த வேகத்தில் ஓடுகிறது. விரிப்பு உலர்ந்திருக்கிறது. அதே ஜெனரேட்டர் இரண்டையும் சேர்த்துத் தாங்குகிறது. அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

கடை ஆட்கள் அவுட்டோர் யூனிட்டை ஜெனரேட்டரின் சூடான காற்று மோதும் இடத்தில் வைத்திருந்தார்கள். அதைக் காற்றோட்டமான பக்கவாட்டுக்கு மாற்றினோம். ஏசி நீர் படகின் அடிப்பகுதியில் தேங்கிக்கொண்டிருந்தது. குழாயை வெளியே திருப்பினோம். மிக முக்கியமான ஒன்று: இடுக்கை அடைத்த அறைக்குள் ஜெனரேட்டர் புகை நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. அதில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது, தூங்குபவர் எழவே மாட்டார். புகைக்குழாய் எந்த ஜன்னல் பக்கமும் திரும்பியிருக்கக் கூடாது. படுக்கையறை ஒவ்வொன்றிலும் அந்த வாயுவைக் கண்டு ஒலிக்கும் அலாரம் மாட்டிய பிறகே விருந்தினரை ஏற்றுங்கள்.