முற்றத்துப் பெஞ்சு

பூவரசம் பலகையில நானே அடிச்ச பெஞ்சுக்குப் போன வருசம் வார்னிஷ் அடிச்சு மினுக்கி வச்சேன். அம்பாசமுத்திரத்து வெயில்ல ஒரே கோடைதான், அப்பளம் மாதிரி பொரிஞ்சு உரிஞ்சிட்டு. உள்ள தண்ணி எறங்கிக் கருப்பு.

நேத்து 80 நம்பர் உப்புத்தாள், பெறவு 150. மரத்து ரேகை ஓடுற வாக்குலயே தேய்ச்சேன். மரத்துக்கு நிறம் ஏத்துற ஸ்டெயினைத் துணியில தொட்டு இழுத்து, மிச்சத்தைத் துடைச்சுட்டு, காஞ்சதும் ஆளிவிதை எண்ணெய். பெஞ்சுக் காலுக்கு அடியில, குறுக்க அறுத்த முகத்துக்கு மூணு தடவ. தண்ணி குடிக்கிற வாயே அதுதான். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டுறாதீங்க, தானா சூடேறித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப்போடணும்.

ஆச்சி வந்து தடவிப் பாத்தாவ. "ஏல, பேசாம கல்லு பெஞ்சு போட்டிருக்கலாம்லா?"

ஐப்பசி மழைக்கு முன்ன இன்னொரு கோட்டிங் பாக்கி.