பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்: சீன மூலிகை மருந்து தொடங்குவோருக்கு

சீன மூலிகை மருந்து சாப்பிட்டு ஒருவர் மருத்துவமனையில் போய்ச் சேர்ந்தார் என்றால், நான்கு கேள்விகளில் ஏதோ ஒன்றை யாரும் கேட்காமல் விட்டிருப்பார்கள். எந்தச் செடி? எப்படிப் பதப்படுத்தியது? எத்தனை கிராம்? கூடவே வேறு என்ன மருந்து? இந்த நான்குக்கும் நோயாளியின் கையில் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

முதல் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரம் பார்த்தது. எடை குறைக்க மருந்து எடுத்த பெண்களுக்கு ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ நூறு பேர். மருந்தில் இருக்க வேண்டியது ஹான் ஃபாங் ஜி, அதாவது ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற கொடியின் வேர். அதன் இடத்தில் வந்து சேர்ந்தது குவாங் ஃபாங் ஜி எனப்படும் அரிஸ்டோலோகியா இனம். இரண்டுக்கும் புழக்கத்தில் ஒரே பெயர்: ஃபாங் ஜி. அரிஸ்டோலோகியாவில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைத் தின்றதோடு நிற்கவில்லை. அவர்களில் பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த இனத்தைச் சேர்ந்த செடிகள் கலந்த மூலிகை மருந்துகளைப் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2002-ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்தது. மு டொங் என்ற பெயரிலும் இதே குழப்பம் உண்டு: குவான் மு டொங் அரிஸ்டோலோகியா, சுவான் மு டொங் வேறு செடி. சீட்டில் வெறுமனே 'மு டொங்' என்றோ 'ஃபாங் ஜி' என்றோ இருந்தால் எது என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் அந்த மருந்து வேண்டாம்.

சீன மருத்துவரிடம் முதல் சந்திப்புக்குப் போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். வைட்டமின், தூக்க மாத்திரை, கருத்தடை மாத்திரை, இன்சுலின், கண் சொட்டு எதையும் விட வேண்டாம். காலையில் நாக்கை வழிக்காதீர்கள். காபியும், நிறம் ஒட்டும் மிட்டாயும் கூடாது. நாக்கின் நிறம், பருமன், மேற்படிவு மூன்றையும் வைத்துத்தான் பாதி முடிவு எடுக்கிறார்கள். காபி குடித்த நாக்கு மஞ்சள் படிவுள்ள நாக்காகத் தெரியும், 'உட்சூடு' என்று மருந்து எழுதப்பட்டுவிடும். ஓடி வந்து உடனே நாடி காட்டவும் வேண்டாம், பத்து நிமிடம் உட்கார்ந்து மூச்சு அடங்கட்டும். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று இடங்களில் பார்ப்பார்கள். தூக்கம், வியர்வை, தாகம், மலம், மாதவிடாய் எல்லாம் கேட்பார்கள். 'தலைவலிக்கு வந்தேன், மலத்தைப் பற்றி ஏன் கேட்கிறார்' என்று மழுப்பாதீர்கள். மலம் இளகிப் போகிறவருக்கும் இறுகிப் போகிறவருக்கும் ஒரே தலைவலிக்கு வேறு வேறு மருந்து.

கடைசியில் 'சிறுநீரக யின் குறைவு', 'கல்லீரல் சி தேக்கம்' என்று ஏதாவது சொல்வார்கள் ('யின்' என்பது உடலின் குளிர்ச்சிப் பக்கம், 'சி' என்பது உயிராற்றல்). இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் சிறுநீரகமே போய்விட்டது என்று பதறுகிறார்கள். வேறு சிலரோ உண்மையிலேயே கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்த அளவு) ஏறியிருப்பதை, 'அதற்குத்தான் மருந்து சாப்பிடுகிறேனே' என்று தள்ளிப்போடுகிறார்கள். சீன மருத்துவத்தில் 'சிறுநீரகம்' என்பது வளர்ச்சி, எலும்பு, கருவளம், முதுமை எல்லாம் அடங்கிய ஒரு செயற்பாட்டுப் பெயர். ரத்தப் பரிசோதனையில் வரும் சிறுநீரகம் வேறு. ஆகவே தொடங்கும் முன் கிரியாட்டினின், கல்லீரல் நொதிகள் (ஏஎல்டி, ஏஎஸ்டி), பிலிருபின், பொட்டாசியம், ரத்த அழுத்தம் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப அளவு இல்லாவிட்டால், இரண்டு மாதம் கழித்து ஏஎல்டி உயர்ந்திருக்கும்போது அது மருந்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

மருந்துச் சீட்டில் ஒவ்வொரு சரக்குக்கும் சீனப் பெயர், தாவரவியல் பெயர், பதப்படுத்திய விதம், கிராம் ஆகிய நான்கும் வேண்டும். 'ஷெங்' என்றால் பச்சை, அதாவது பதப்படுத்தாதது. 'ஜ' என்று முன்னொட்டு வந்தால் பக்குவம் செய்தது. 'சாவ்' என்றால் வறுத்தது. இது சமையல் நுணுக்கம் அல்ல. ஃபூ ட்ஸ என்பது நாபி வகைக் கிழங்கு. பதப்படுத்தியதை 3 முதல் 15 கிராம் வரை எழுதுவார்கள். பச்சைக் கிழங்கை உள்ளுக்குக் கொடுப்பதில்லை. ஹெ ஷௌ வூ என்ற வேரில் பச்சைக்கும், கறுப்புச் சோயா அவரைச் சாற்றில் வேகவைத்ததற்கும் வேலையே வேறு. பக்குவம் செய்தால் கெடுதல் அறவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம்: நரைமுடிக்காக ஹெ ஷௌ வூ சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்தவர்கள் நிறைய உண்டு, சிலருக்கு மரபணுவிலேயே அந்தப் பாதிப்புக்கான சாய்வு இருக்கிறது. முன்பே கல்லீரல் தொல்லை உள்ளவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டாம், கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

சைவ உணவுக்காரர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஆ ஜியாவ் கழுதைத் தோலிலிருந்து எடுக்கும் பசை, தி லுங் மண்புழு, சான் துய் சிள்வண்டின் உரிந்த தோல், மு லி சிப்பி ஓடு. ஃபூ சியாவ் மாய் கோதுமை, மாய் யா முளைகட்டிய பார்லி. பசையம் ஒவ்வாதவர்களுக்கு இவை இரண்டும் ஆகாது. மாய் யா தாய்ப்பாலையும் குறைக்கும்.

மருந்து பொதுவாக மூன்று வடிவில் வரும். பொட்டலமாகக் கட்டிய உலர் சரக்கை வீட்டில் காய்ச்சலாம். காய்ச்சி வற்றவைத்த குருணையை வெந்நீரில் கரைக்கலாம். ஆயத்த உருண்டைகளும் உண்டு. குருணையில் அடிக்கடி நேரும் பிழை கணக்கில் இருக்கிறது. 5 கிராம் சரக்கு 1 கிராம் குருணையாகச் சுருங்குவது பரவலான அளவு, ஆனால் எல்லாச் சரக்குக்கும் எல்லாத் தயாரிப்புக்கும் அது பொருந்தாது. சீட்டில் எழுதியிருப்பது உலர் சரக்கின் எடையா, குருணையின் எடையா என்று கேளுங்கள். மாறிப்போனால் ஐந்து மடங்கு கூடும் அல்லது குறையும்.

இனிக் காய்ச்சுவது. எட்டுக்கு ஒன்றாகச் சுண்டவைக்கும் கஷாயக் கணக்கை இங்கே மறந்துவிடுங்கள். மண், பீங்கான், கண்ணாடிப் பாத்திரம் சிறந்தது, எவர்சில்வர் பரவாயில்லை. இரும்பு, அலுமினியம், செம்பு வேண்டாம். சரக்கிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் உலோகத்தோடு சேர்ந்து நிறமும் குணமும் மாறும். பொட்டலத்தை லேசாக அலசி, சரக்குக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி குளிர்ந்த நீர் ஊற்றி அரைமணி ஊறவிடுங்கள். வெந்நீரில் ஊறவைத்தால் மேற்புறம் இறுகிக்கொண்டு உள்ளே நீர் புகாது. பெருந்தீயில் கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போட்டு 20 முதல் 30 நிமிடம். சளி, காய்ச்சலுக்கான மருந்து என்றால் 10 முதல் 15 நிமிடம் போதும், வாசனை எண்ணெய் பறந்துவிடக் கூடாது. உடல் தேற்றும் வேர்கள் என்றால் 40 முதல் 60 நிமிடம். சூடாகவே வடித்து, சக்கையில் மறுபடி நீர் ஊற்றி 15, 20 நிமிடம் காய்ச்சி வடியுங்கள். இரண்டு வடிப்பையும் கலந்த பிறகுதான் பாதியாகப் பிரிக்க வேண்டும். முதல் வடிப்பைக் காலையிலும் இரண்டாவதை இரவிலும் குடித்தால், காலையில் ஓவர்டோஸ், இரவில் வெந்நீர். ஒரு நாளைக்கு மொத்தம் 300 முதல் 400 மில்லி வர வேண்டும். கூடுதலாக நின்றுவிட்டால் சக்கையை எடுத்துவிட்டு வடித்த நீரை மட்டும் வற்றவையுங்கள். அடிப்பிடித்தால் அந்தப் பொட்டலத்தையே கொட்டிவிடுங்கள், நீர் ஊற்றிச் சரிக்கட்டக் கூடாது.

பெரிய பொட்டலத்துக்குள் சிறு பொட்டலங்கள் இருந்தால் அவசரத்தில் ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள். ஓடு, கல், எலும்பு வகை முதலில் தனியாக அரைமணி கொதிக்க வேண்டும். புதினா, ஏல வகை கடைசி ஐந்து நிமிடத்தில் சேரும். சே சியான் ட்ஸ என்ற வழவழப்பான விதையைத் துணியில் முடிந்து போடாவிட்டால் அடியில் ஒட்டிக் கருகும். சுவான் ஃபு ஹுவா பூவையும் அப்படியே முடிய வேண்டும், இல்லாவிட்டால் அதன் சுணை வடிகட்டியில் நிற்காமல் தொண்டையை அரிக்கும். ஆ ஜியாவை வடித்த சூட்டில் கரைக்க வேண்டும். ரேவல்சின்னி வகையான தா ஹுவாங் கடைசியில் சேர்ந்தால் பேதியாகும், நெடுநேரம் கொதித்தால் அந்த வேகம் தணியும். ஆகவே எழுதியவர் எதை விரும்பினார் என்பது சரக்கில் மட்டும் இல்லை, கடிகாரத்திலும் இருக்கிறது.

ஃபூ ட்ஸவுக்குக் கடிகாரம் உயிர்ப் பிரச்சினை. அதிலுள்ள அகோனிட்டின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் நஞ்சு. நெடுநேரம் கொதிக்கும்போது உடைந்து வீரியம் பெரிதும் குறையும். மற்றவற்றுக்கு முன் தனியாக 30 முதல் 60 நிமிடம், அளவு கூடினால் இன்னும் அதிகம். குடித்த பின் உதடோ நாக்கோ மரத்தால், விரல் நுனி சுறுசுறுத்தால் மிச்சத்தைக் கீழே வைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இதற்கு முறிவு மருந்து கிடையாது, இதயத் துடிப்பைக் கண்காணித்துக் காப்பாற்ற வேண்டும்.

கொதிப்பது எப்போதும் நல்லது என்றும் இல்லை. மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் கண்டுபிடித்து 2015-ல் நோபல் பரிசு பெற்ற தூ யோயோ, கொதிக்கவைத்த சிங் ஹாவ் என்ற மூலிகையின் சாறு வேலை செய்யாமல் திணறியபோது, நான்காம் நூற்றாண்டின் கே ஹோங் எழுதிவைத்த குறிப்பில்தான் விடை பிடித்தார்: ஒரு கைப்பிடி இலையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி. நெருப்பே இல்லை. அவர் குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு பிரித்தெடுத்தார்.

காய்ச்சிய மருந்து குளிர்பெட்டியில் ஒரு நாள் தாங்கும். வெதுவெதுப்பாக, உணவுக்கும் மருந்துக்கும் ஒரு மணி நேர இடைவெளி விட்டுக் குடியுங்கள். கசப்புக்குத் தேனோ பாலோ கலப்பதானால் கேட்டுவிட்டுக் கலக்குங்கள்.

அலோபதி மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டால் போதும் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வயிற்றில் ஒன்றையொன்று உறிஞ்சவிடாமல் தடுப்பதை மட்டுமே அந்த இடைவெளி தவிர்க்கும். ரத்தம் உறைவதிலும் கல்லீரல் நொதியிலும் நடக்கும் மோதலுக்குக் கடிகாரம் தெரியாது. ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு டான் ஷென், டாங் குய் என்ற வேர்கள் இரண்டும் ஐஎன்ஆரை (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) ஏற்றி ரத்தக் கசிவில் கொண்டுவிடலாம்; ஜின்செங் அந்த அளவைக் குறைக்கலாம். மா ஹுவாங்கில், அதாவது எஃபெட்ரா செடியில், எஃபெட்ரின் இருக்கிறது: ரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு மிகைப்பு உள்ளவர்களுக்கு வேண்டாம். எடை குறைப்புக்கு விற்ற எஃபெட்ரா துணைப்பொருட்களை அமெரிக்கா 2004-ல் தடைசெய்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்காக சைக்ளோஸ்போரின் எடுப்பவருக்கு ஹுவாங் லியானிலுள்ள பெர்பெரின் அந்த மருந்தின் அளவை உயர்த்தும்.

கான் சாவ், அதாவது அதிமதுரம், மிக அதிகமான கூட்டு மருந்துகளில் இருக்கிறது என்பதாலேயே யாரும் கவனிப்பதில்லை. வாரக்கணக்கில் கூடிய அளவில் போனால் உடல் உப்பைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியேற்றும். கணுக்கால் வீங்கும், தசை தளரும், ரத்த அழுத்தம் ஏறும். டிஜாக்சின் என்ற இதய மருந்தும் நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் இதயத்துடிப்பு தடம் புரளும். வீட்டு ரத்த அழுத்தக் கருவியில் வாரம் இருமுறை பார்த்து எழுதிவைத்தால் இது முன்பே தெரிந்துவிடும்.

மென்மையான மருந்து என்று பேரெடுத்ததும் விதிவிலக்கல்ல. சியாவ் சாய் ஹு டாங் என்ற கூட்டு மருந்து ஜப்பானில் கல்லீரல் அழற்சிக்குத் தாராளமாக எழுதப்பட்டது. அதே நோய்க்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் ஊசியோடு சேர்ந்தபோது சிலருக்கு நுரையீரல் அழற்சி வந்து இறப்புகளும் நேர்ந்தன. 1990-களில் அந்த நாட்டு அரசு எச்சரிக்கை விடுக்க வேண்டியதாயிற்று.

ஆயத்த உருண்டைகளில் கவலை வேறு: சொல்லாமல் கலந்த ரசாயன மருந்து. ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கு விற்ற பிசி-ஸ்பெஸ் 2002-ல் திரும்பப் பெறப்பட்டது. அதில் வார்ஃபரின், இண்டோமெதசின், ஒரு செயற்கைப் பெண் ஹார்மோன் எல்லாம் கிடந்தன. பல ஆண்டு மூட்டுவலி இரண்டே நாளில் பறந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் ஸ்டீராய்டு என்று சந்தேகியுங்கள். அப்படியானால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. உருண்டையோடு மருத்துவரிடம் போங்கள்.

கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு முயன்றுகொண்டிருந்தாலோ முதலிலேயே சொல்லுங்கள். தா ஹுவாங், ஹொங் ஹுவா, தாவ் ரென், நியூ ஷி போன்றவற்றைத் தவிர்ப்பார்கள். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன் நிறுத்துவது வழக்கம்; மயக்க மருந்து நிபுணரிடம் பெயரோடு சொல்லுங்கள்.

முதல் வாரத்தில் வயிறு உப்புசம், மலம் கொஞ்சம் இளகுதல் வரலாம். அளவைக் குறைத்தால் அடங்கும். அரிப்பு, தடிப்பு, மஞ்சள் கண், தேநீர் நிறச் சிறுநீர், படபடப்பு, மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்துங்கள். 'கழிவு வெளியேறுகிறது, தொடருங்கள்' என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். பொதுவாக ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை சீட்டு மாற வேண்டும். அதே சீட்டை மாதக்கணக்கில் தொடரச் சொல்பவர் உங்களைப் பார்ப்பதில்லை. நாள்பட்ட நோய்க்கு நான்கிலிருந்து ஆறு வாரத்தில் ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுங்கள். அதற்குள் நோயில் எந்த மாற்றமும் இல்லையென்றால் அளவைக் கூட்டுவதற்கு முன் நோயறிதலையே மறுபடி கேளுங்கள்.

ஒவ்வொரு தடவையும் ஒரு பொட்டலத்திலிருந்து கைப்பிடிச் சரக்கைக் காய்ச்சாமல் எடுத்து, சீட்டின் நகலோடு தேதி எழுதிய உறையில் போட்டு வையுங்கள். உருண்டை என்றால் நான்கைந்து, குருணை என்றால் ஒரு பொதி. குடித்து முடித்த சக்கையை வைத்து எந்தச் செடி என்று கண்டுபிடிப்பது கடினம், காய்ச்சாத வேரை வைத்து ஆய்வகத்தால் முடியும்.