மலபார்த் தேக்கில் ஒரு போர்க்கப்பல்

இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில், திருகோணமலையின் பெயரைத் தாங்கி நிற்கும் 'ட்ரிங்கோமலி' என்னும் பாய்மரப் போர்க்கப்பலை இன்று கண்குளிரப் பார்த்தேன். நெப்போலியனுடன் நடந்த போர்களால் பிரிட்டனில் கப்பல் கட்டப் பயன்படும் கருவாலி (ஓக்) மரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டிருந்த காலத்தில், பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கைக் கொண்டு கட்டி 1817இல் கடலில் இறக்கிய இக்கப்பல்தான், இன்றும் நீரில் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுள் மிகப் பழமையானது. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் புகழ்பெற்ற கப்பலான 'விக்டரி' இதைவிட மூத்ததென்றாலும், 1922 முதல் போர்ட்ஸ்மவுத்தின் உலர்துறையில்தான் நிற்கிறது.

பீரங்கித் தளத்துக்குக் கீழே, மாலுமிகள் உண்டு உறங்கிய தளத்தில், தாழ்ந்த உத்தரங்களுக்கு அடியில் தலையைக் குனிந்தபடியே நடக்க வேண்டியிருந்தது. நெல்சனை உலகமே அறியும்; இம்மரத்தை இழைத்த பம்பாய்த் தச்சர்களையும் அதே மதிப்போடு நினைவுகூர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.