ஒரே ஒரு பாயிண்ட்

நவம்பர் 1, சனி

புதுச்சேரி விடுதலை நாள் லீவு. அப்பாவின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் அக்கா வரவில்லை, நானே மாற்றினேன். சலைன் ஊற்றி ஊறவிட்டுப் பிரித்தால் துணி சதையோடு ஒட்டிக்கொண்டு வராது என்று சொல்லிக் கொடுத்திருந்தார். ஓரமெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருக்கிறது. சுண்டுவிரல் பக்கம் கறுப்பு. அப்பாவுக்கு வலியே தெரியவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தங்கச்சி போன் பண்ணினாள். "என் வைத்தியச்சிக்கு ஓகே சொல்லிட்டியா அண்ணா?" நாளைக்கு ஆட்டத்தில் பார்க்கலாம் என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

முத்தியால்பேட்டை மாடியில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆட்டம். பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடுவது; நடத்துவது நான். தங்கச்சி தானே எழுதிக்கொண்டு வந்த வைத்தியச்சி கிளாஸில் (பாத்திர வகை) ஆயுதம் கிடையாது, தாக்கும் மந்திரம் கிடையாது. குணப்படுத்துவது மட்டும்தான், ஆனால் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. தாளில் படித்தபோது அநியாயமாகத் தெரிந்தது. ஆடிப் பார்த்தால் ஒன்றுமில்லை.

போர்வீரனான ஃபைட்டரை ஆடும் அண்ணனிடம் மிச்சம் 4 உயிர் பாயிண்ட். ஓகர் என்ற அரக்கன் அடித்தது 13. நாங்கள் ஆடும் ஐந்தாம் பதிப்பில் உயிர் பூச்சியத்துக்குக் கீழே இறங்காது; மீதி 9 காற்றோடு போயிற்று. பாடகனான பார்டை ஆடும் தம்பி அறுபது அடி தள்ளி நின்றபடி ஹீலிங் வேர்ட் என்ற குணமாக்கும் மந்திரம் சொன்னான். நாலுமுகப் பகடையில் 1 விழுந்தது, கூட்டலெல்லாம் சேர்த்து 4. அது போதும். அண்ணன் எழுந்து முழு பலத்தோடு வெட்டினார். விழுந்து கிடந்தபோது பிழைப்பானா சாவானா என்று போட்ட பகடைகளின் தோல்விக் கணக்கும் அழிந்துவிட்டது. ஒரு பாயிண்ட் உள்ளவனும் ஐம்பது பாயிண்ட் உள்ளவனும் ஒரே மாதிரிதான் வெட்டுகிறார்கள்.

விழுவதற்கு முன்னால் மருந்து கொடுத்தால் அடுத்த அடியில் கரைந்துவிடும். விழட்டும் என்று காத்திருப்பவனே புத்திசாலி. அப்படியானால் இரண்டு மடங்கு எதற்கு? எத்தனை முறை தூக்கிவிடலாம் என்பதில்தான் பலம் இருக்கிறது, அதைத் தம்பியின் பார்டே செய்துவிடுகிறான். தங்கச்சி பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நவம்பர் 3

அப்பாவின் சுகர் வெறும் வயிற்றில் 212.

நவம்பர் 4, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. பழைய விதிகளைப் புரட்டினேன். 1974-இன் முதல் டி அண்ட் டியில் குணமாக்கும் பூசாரியான கிளெரிக்குக்கு முதல் லெவலில் ஒரு மந்திரம்கூட இல்லை. கவசம் போட்டுக்கொண்டு கதாயுதத்தால் அடிக்க வேண்டியதுதான். 2008-இன் நான்காம் பதிப்பில் அவனுக்கு வேறு ஏற்பாடு: தன் முறையில் எதிரியையும் அடிக்கலாம், சின்னச் செயலான மைனர் ஆக்‌ஷனில் நண்பனையும் எழுப்பலாம். ஆனால் குணமாகும் பாயிண்ட் பெரும்பாலும் அடிபட்டவனின் சொந்த ஹீலிங் சர்ஜ் (குணமாகும் தெம்பு) கையிருப்பிலிருந்தே கழியும். அது தீர்ந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட கிளெரிக் வந்தாலும் கஷ்டம்தான்.

காலுக்கு ரத்தம் இறங்கவில்லை என்றால் மருந்து ஏற்றி என்ன பயன் என்று டாக்டரும் கேட்டார். ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 5

மழை. ஆட்டோ கிடைக்கவில்லை. டாப்ளர் நாளைக்கு.

நவம்பர் 6, வியாழன்

ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்து டி அண்ட் டியின் 2024 விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். க்யூர் வூண்ட்ஸ் என்ற குணமாக்கும் மந்திரத்தில் ஒரு எட்டுமுகப் பகடைக்குப் பதில் இரண்டு. சராசரி நாலரையிலிருந்து ஒன்பது. நல்லதுதான். ஆனால் விழும்வரை காத்திருப்பது அப்படியே இருக்கிறதே! எண்ணைப் பெரிதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தங்கச்சி நினைத்ததையேதான் அவர்களும் நினைத்திருக்கிறார்கள்.

ரிசல்ட் சனிக்கிழமை.

நவம்பர் 7, வெள்ளி

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் இதற்கு வழி இருக்கிறது. விழுந்து எழுந்தவனுக்கு 'வூண்டட்' (காயம்) 1 ஒட்டிக்கொள்ளும். மறுபடி விழுந்தால் சாவுக்கு ஒரு படி பக்கத்திலிருந்தே தொடங்குவான், நாலாவது படியில் முடிந்தது. காயத்துக்குப் பத்து நிமிடம் வைத்தியம் பார்த்தால் அந்த ஒட்டு போகும்.

தங்கச்சியின் இரண்டு மடங்கை எடுத்துவிடப் போகிறேன். தூக்கிவிடுவது யாராலும் முடியட்டும். எழுந்தவன் மேல் காயம் நிற்கும், அதை ஆற்றுவது வைத்தியச்சி மட்டும். அண்ணனிடம் சொன்னால், "செத்துச் செத்துப் பிழைக்கிறதுதான்டா ஜாலி, காயத்தைச் சுமந்துக்கிட்டு எவன் ஆடுவான்?" என்கிறார். அவருக்கென்ன, ஃபைட்டர்.

பகடைச் சத்தம் கேட்டு அப்பா, "என்னடா, தாயமா?" என்றார். விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "யாருக்கும் அடிபடாதப்போ அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?" என்று கேட்டார்.

பதில் இல்லை.

நவம்பர் 8

முழங்காலுக்குக் கீழே ஒரு குழாயில் அடைப்பு. திங்கட்கிழமை ரத்தக்குழாய் டாக்டர் பார்ப்பார். விரலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஆட்டத்துக்குப் போகச் சொல்லி அப்பாவே விரட்டினார். புது விதி. அண்ணன் ஒருமுறை விழுந்தார், எழுந்ததும் கேடயத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்! தங்கச்சிக்கு ஒரே சந்தோஷம். சண்டை முடிந்து பத்து நிமிடம் கேட்டாள். அதற்குள் காவல்காரர்கள் வந்துவிடுவார்கள் என்றேன். காயத்தோடு ஓடுவதா, இருந்து ஆற்றுவதா என்று மேஜையே சண்டை போட்டது. இதுதான் எனக்கு வேண்டும்.

அப்பாவின் கேள்வி மட்டும் பாக்கி. அடிபடும் முன்பே எதிரி எங்கே குறிவைக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தால்? ஒரு சண்டைக்கு ஒருமுறை? இல்லை, ஒவ்வொரு முறையும் கொடுத்தால்

நவம்பர் 10, திங்கள்

டோக்கன் வாங்கியாச்சு. உள்ளே இன்னும் கூப்பிடவில்லை.