ரப்பர் பேண்டிலிருந்து மரத்துக்கு: என் கிட்டாரும் ஒரு ப்ரீஆம்ப் பெடலும்

போன ஆகஸ்டில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், பாடகர் குழுவில் ஒரு தங்கச்சி போனில் எடுத்த வீடியோ வந்திருந்தது. பாட்டு நன்றாக இருந்தது, கீபோர்டு நன்றாக இருந்தது, நடுவில் யாரோ ரப்பர் பேண்டை நகத்தால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த யாரோ நான்தான். வீட்டில் மடியில் வைத்து ஒரு ஜி கார்டு போட்டால் நெஞ்சுக்கூடு வரைக்கும் அதிர்கிற கிட்டார், பாளையங்கோட்டையில் எங்கள் ஆலயத்து ஸ்பீக்கரில் ஏறியதும் வாத்து கத்துகிற மாதிரி ஆகிவிடுகிறது. அன்றைக்கு ஆரம்பித்த வேலை இது, எட்டு மாதம் ஓடிவிட்டது.

முதலில் கோளாறு எங்கே என்று தெரிய வேண்டுமில்லையா. என் கிட்டார் சாதாரண ட்ரெட்நாட், அதாவது பெரிய பெட்டி வைத்த மரக் கிட்டார், பக்கவாட்டில் பேட்டரி போடும் பெட்டியும் நாலு குமிழும் வைத்து வந்தது. அதுதான் ப்ரீஆம்ப், பிக்கப்பிலிருந்து வரும் சன்னமான சிக்னலைத் தூக்கிக் கொடுப்பது. அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் என்பது, கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜில், கம்பிகள் படிந்து போகும் வெள்ளைச் சேடிலுக்கு அடியில் படுத்திருக்கும் ஒரு மெல்லிய பீசோ பட்டை. அழுத்தினால் மின்சாரம் வரும் பொருள், 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்த சமாசாரம். சிக்கல் என்னவென்றால் அதற்குத் தெரிவது பெரும்பாலும் கம்பி சேடிலை அழுத்துவது மட்டும்தான். மேல்பலகை அதிர்ந்து, பெட்டிக்குள் காற்று உருண்டு, ஓட்டை வழியாக வெளியே வந்து நம் காதில் விழுகிறதே, நாம் கிட்டார் சத்தம் என்று சொல்வதே அதைத்தான், அது இந்தப் பட்டையின் கணக்கிலேயே வராது. போதாததற்கு பிக் (கம்பியைத் தட்டும் சின்ன வில்லை) கம்பியில் பட்ட அந்த முதல் நொடியில் பீசோவிலிருந்து ஒரு பெரிய எகிறல் வருகிறது, மலிவான ப்ரீஆம்ப் அதைத் தாங்காமல் தட்டையாக வெட்டிவிடும். அதுதான் அந்த வாத்து.

இது தெரிவதற்கு முன்னால் எல்லாரும் செய்வதை நானும் செய்திருந்தேன். பேஸ் (கீழ்ச் சத்தம்) முழுசு, ட்ரெபிள் (மேல் சத்தம்) முழுசு, நடுவில் மிட் பள்ளம். வீட்டு ஹெட்போனில் அமிர்தம்.

ஆலயத்தில் மைக் செட் அண்ணன் என் கிட்டார் வரும் சேனலில் பேஸ் குமிழை அடியோடு திருகிவிட்டு, "ஒன் கிட்டாரு கீபோர்டு பேஸ் மேல ஏறி உக்காந்திருக்கு தம்பி" என்றார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

செப்டம்பரில் பெடல் எதுவும் வாங்காமல் சேடிலைக் கழற்றினேன். இரண்டாம் கம்பி எப்போதும் மற்றதைவிடச் சன்னமாகக் கேட்கும், அது ப்ரீஆம்ப் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கழற்றிப் பார்த்தால் சேடிலின் அடிப்பாகம் அந்தக் கம்பிக்கு நேராக லேசாக வளைந்திருந்தது, அந்த இடத்தில் பட்டையோடு ஒட்டவே இல்லை. பழைய டீப்பாய் கண்ணாடி மேல் 400 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, சேடில் அடியில் பென்சிலால் கோடு போட்டு, கோடு முழுக்க அழியும் வரை மெதுவாகத் தேய்த்தேன். சாயாமல் தேய்க்க ஒரு மரத்துண்டை அண்டக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் உருண்டுவிடும். இருபது நிமிட வேலை. ஆறு கம்பியும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்தது. மொத்த எட்டு மாதத்திலும் செலவே இல்லாமல் கிடைத்த பெரிய லாபம் இதுதான், பெடல் வாங்க நினைப்பவர்கள் முதலில் சேடிலைக் கழற்றிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

அப்புறம் கொஞ்சம் துணிச்சல் வந்துவிட்டது. கிட்டார் பெட்டிக்குள் கையை விட்டு, பீசோ ஒயரை உள்ளே இருந்த ப்ரீஆம்பிலிருந்து பிடுங்கி, நேராக ஜாக்கில் சால்டர் செய்தேன். மலிவு ப்ரீஆம்ப் போனால் சத்தம் சுத்தமாக வரும் என்பது என் கணக்கு. சனிக்கிழமை ஒத்திகையில் அண்ணனின் மிக்சரில் (எல்லாச் சத்தத்தையும் கலக்கும் பெட்டி) செருகினால் கொசு மாதிரிச் சத்தம். பேஸ் என்ற பேச்சே இல்லை. அண்ணன் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

காரணம் இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு இருக்கும் தடை. பீசோ மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு சின்ன கெபாசிட்டர் மாதிரி, சுமாராக ஒரு நானோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எதில் செருகுகிறோமோ அந்த உள்ளீட்டின் தடையோடு சேர்ந்து அது ஒரு வடிகட்டி ஆகிவிடும். மிக்சரின் லைன் உள்ளீடு சுமார் 10 கிலோ ஓம், கணக்குப் போட்டால் 16,000 ஹெர்ட்சுக்கு (நொடிக்கு அத்தனை அதிர்வு) கீழே எல்லாமே சரிய ஆரம்பிக்கும். 1 மெகா ஓம் என்றால் 160 ஹெர்ட்ஸ். 10 மெகா ஓம் என்றால் 16. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், ஆக 10 மெகா ஓம் இருந்தால்தான் அது முழுசாகப் பிழைக்கும். இந்தக் கணக்கை ஒயரைப் பிடுங்குவதற்கு முன்னால் போட்டிருக்கலாம்.

அதனால்தான் அக்டோபரில் எல்.ஆர்.பேக்ஸ் பாரா டி.ஐ. என்ற ப்ரீஆம்ப் பெடல் வாங்கினேன், பெங்களூரில் ஒருவர் பயன்படுத்தியது. உள்ளீடு 10 மெகா ஓம், மிக்சரிலிருந்து வரும் 48 வோல்ட்டிலேயே ஓடும், பேட்டரிக் கவலை இல்லை. செருகின உடனே, எந்தக் குமிழையும் தொடாமலேயே, பாதி வாத்து செத்துவிட்டது. பேஸ் பூசின மாதிரி இல்லாமல் கம்பியிலிருந்தே வருவது போல இருந்தது. இன்னும் மரம் வரவில்லை, ஆனால் ரப்பர் போய்விட்டது. (முதல் வாரமே ஒரு அவமானம். ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது சேனல் திறந்திருக்கிறது என்பதை மறந்து கேபிளைப் பிடுங்கினேன். டொம்ம் என்று ஆலயமே அதிர்ந்தது. ஐயர், எங்கள் ஊரில் போதகரை அப்படித்தான் சொல்வோம், கண்ணைத் திறக்காமலேயே ஜெபத்தைத் தொடர்ந்தார். அன்றிலிருந்து அண்ணனிடம் கையைக் காட்டி, அவர் தலையாட்டின பிறகுதான் கழற்றுவது.)

அடுத்த தொல்லை ஊளை. சத்தம் நன்றாக இருக்கிறதே என்று கொஞ்சம் ஏற்றினால் கிட்டார் தானாகவே 'ஊஊ' என்று பிடித்துக்கொள்ளும். இதற்குப் பெடலில் நாட்ச் குமிழ் இருக்கிறது, ஒரு குறுகிய இடத்தை மட்டும் வெட்டும், ஆனால் எந்த இடம் என்று நாம்தான் காட்ட வேண்டும். அதற்கு ஒரு வழி: கிட்டாரின் ஓட்டைக்கு நேராக வாயை வைத்து அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று கீழிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் பெட்டி திடீரென்று கூடச் சேர்ந்து முனகும், உள்ளங்கையைப் பின்பலகையில் வைத்திருந்தால் கைக்கே தெரியும். எனக்கு அது ஆறாம் கம்பியில் நாலாம் ஃப்ரெட் (கழுத்தில் இருக்கும் உலோகக் கோடு), ஜி ஷார்ப், 104 ஹெர்ட்ஸ். ட்ரெட்நாட் பெட்டிகளில் காற்று முனகுவது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் பக்கம்தான் இருக்கும். நாட்சை அங்கே நிறுத்தினதும் ஊளை நின்றது. 200 பக்கம் பலகையின் அதிர்வு ஒன்று இன்னும் மிச்சம், அதற்குப் பெடலில் இருக்கும், சிக்னலைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானைத் தட்டிப் பார்த்தேன். ஸ்பீக்கருக்கும் எனக்கும் இருக்கும் தூரத்தைப் பொறுத்து ஒரு பக்கம் மோசம், ஒரு பக்கம் பரவாயில்லை. ஸ்பீக்கரிலிருந்து இரண்டடி தள்ளி நின்றது அதைவிட உதவியது.

நாட்ச் வெட்டினால் உடல் போய்விடாதா என்று எனக்கும் பயம் இருந்தது. போகவில்லை, அந்த ஆலயத்தின் உயரக் கூரை அந்த இடத்தைத் தானே நிரப்பிக் கொடுக்கிறது. அண்ணன் ஆகஸ்டில் பேஸைத் திருகினது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கு பேஸ் குறைவாகத்தான் கேட்கும், அதனால் வீட்டில் ஹெட்போனில் ஏற்றி வைக்கிறோம், அதே அமைப்பு பெரிய ஸ்பீக்கரில் சத்தமாகப் போகும்போது குப்பென்று பொங்கி வரும். அடுத்த ஞாயிறு வடை வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். "அத தானடே அன்னைக்கே சொன்னேன்" என்றார். தம்பியிலிருந்து டே ஆகியிருந்தேன். அன்றிலிருந்து வீட்டில் குமிழ்களைத் தொடுவதில்லை, சனிக்கிழமை ஒத்திகையில், ஆலயத்து ஸ்பீக்கரில், வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லிவிட்டு நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுத்தான் திருகுகிறேன். குமிழ்கள் எல்லாம் நடுவுக்கு வந்துவிட்டன, சில நடுவுக்கும் கீழே. மிட்டில் 800 பக்கம் கொஞ்சம் குறைத்ததும் மூக்கடைப்பு போனது. ட்ரெபிளைக் குறைத்தது எனக்கே ஆச்சரியம், பிக் கம்பியில் உரசும் அந்த 'சிக் சிக்' குறைந்ததும் கம்பியின் பாட்டு மேலே வந்தது.

டிசம்பரோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐ.ஆர்., என்று ஒன்று கேள்விப்பட்டேன். அதே கிட்டாரை ஒரே நேரத்தில் பிக்கப்பிலும் மைக்கிலும் பதிவு செய்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சின்னக் கோப்பாகக் கணக்கிட்டு, அதைப் பெடலில் ஏற்றி பிக்கப் சத்தத்தின் மேல் போர்த்துவது. இதைத் தானே செய்துகொள்ளும் டோன்டெக்ஸ்டர் மாதிரிப் பெட்டிகள் இருக்கின்றன, என் பட்ஜெட்டில் இல்லை. இலவச மென்பொருள், கடன் வாங்கிய கண்டென்சர் மைக், ஒரு மலிவான ஐ.ஆர். பெடல் என்று இறங்கினேன். கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கு நேராக 40 சென்டிமீட்டரில் மைக், ராத்திரி ஒரு மணி, ஃபேன் நிறுத்தியாகிவிட்டது, வேர்வை முழங்கையில் வழிந்து கிட்டாரில் வழுக்க, ஒவ்வொரு ஃப்ரெட்டாக இரண்டு நிமிடம் வாசித்தேன். மூன்று முறை தெரு நாய். நான்காவது முறை சரியாக வந்தது. கிடைத்த கோப்பு 43 மில்லிசெகண்ட் கூட இல்லை.

ஹெட்போனில் அதை முழுசாகப் போட்டுக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். மரம் வந்துவிட்டது.

ஆலயத்தில் முழுசாகப் போட்டால் ஊளை, மைக் சத்தத்தைக் கொண்டுவந்தால் மைக்கின் தொல்லையும் கூடவே வரத்தானே செய்யும். சரி பாதி பாதி கலக்கலாம் என்றால் சத்தம் ஏதோ குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஆனது. ஒரு வாரம் மண்டை காய்ந்தது. பிறகுதான் புரிந்தது, மைக் 40 சென்டிமீட்டர் தள்ளி இருந்ததால் சத்தம் அங்கே போய்ச் சேர ஒரு மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம், அந்தத் தாமதம் கோப்பின் தொடக்கத்தில் வெற்றிடமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தாமதமானதையும் தாமதமில்லாததையும் கலந்தால் 430 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று தின்றுவிடும். கோப்பைத் திறந்து அந்த வெற்றிடத்தை வெட்டி எறிந்தேன், குழாய் போய்விட்டது. பாரா டி.ஐ.யின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (வேறு பெடலை இடையில் சேர்க்கும் துளை) ஐ.ஆர். பெடலைப் போட ஒரு முனை ஸ்டீரியோ, மறுமுனையில் இரண்டு மோனோ இருக்கிற ஒய் கேபிள் வேண்டும், நான் சாதாரண கேபிள் இரண்டு வாங்கி வந்து விழித்தது தனிக்கதை.

இப்போது ஐ.ஆர். 40 சதவீதத்தில் நிற்கிறது. போன மாதம் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்குத் திறந்த வெளியில் பந்தலில் வாசித்தோம், அங்கே கூரை எதிரொலி இல்லாததால் 70 வரைக்கும் ஏற்ற முடிந்தது, ஆனால் பேஸ் காற்றோடு போய்விட்டது, நாட்சைத் தளர்த்த வேண்டியிருந்தது. பெடல் மேல் இரண்டு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, கறுப்புப் புள்ளி ஆலயம், சிவப்புப் புள்ளி பந்தல் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

அந்தத் தங்கச்சி போன ஞாயிறும் வீடியோ எடுத்து அனுப்பினாள். கிட்டார் கிட்டார் மாதிரி கேட்டது, இரண்டாம் கம்பி மட்டும் மறுபடி சன்னமாகத் தெரிகிறது. கம்பி மாற்றும்போது சேடில் நகர்ந்திருக்கும். சனிக்கிழமைக்குள் கழற்றிப் பார்க்க வேண்டும்.